கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி

திட்டத்தைக் கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்கினோம்.
நாகலூரில் நாலே முக்கால்,
விட்டால் மறுநாள் காலைதான்.
அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தோம்:
இறங்க இரண்டு மணி,
சற்குணத்தின் முழங்காலுக்கு அரை மணி,
சாப்பாடு, போட்டோ, சும்மா உட்கார,
ஏற மூன்று மணி,
ஏற்காட்டில் பஸ் மாற,
இருபது கொண்டை ஊசி வளைவு
(நூர்ஜகானுக்கு மூன்றாவதிலேயே குமட்டும்).
கழித்து முடித்தபோது
காலை ஆறரைக்குப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம்,
ஜவ்வரிசி மில்லின் கணக்கறையில் உட்கார்ந்தபடியே.

என்றைக்கு?
கிழங்கு வரத்துள்ள மாதங்களில்
ஞாயிறும் எங்களுக்குத் திங்கள்.
ஆகவே மாதாந்திர மின்தடை நாள்.
முதலாளி ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றமாட்டார், அது உறுதி.
பேப்பரின் உள்பக்க மூலையில்
எங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் வந்துவிட்டால்
அன்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
வரலாறு பார்க்கலாம்.

தேர்தல் வேலைக்கு மலையேறிய சற்குணத்தின் வீட்டுக்காரர்
ஒரு நம்பர் கொண்டுவந்திருந்தார்.
"சடையப்பன் மிளகு" என்று சேமித்திருந்தது.
எவ்வளவு தூரம் என்றேன்.
"ரோட்ட விட்டு மூணு பீடி."
பீடி பிடிக்காதவர்களுக்கு?
"அவங்களுக்கு மூச்சு இருக்குமே, ரெண்டரை."
பாத்ரூம் கேள் என்று கிள்ளினாள் நூர்ஜகான்.
"காடு பூரா."
காட்டெருமை?
"அதுவுந்தான்."

அங்கே என்னதான் இருக்கிறது,
சற்குணம் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்து கேட்டாள்.
"நாலு கல்லு நிக்குது. மேல ஒரு கல்லு."

அஞ்சு கல்லுக்கா ஒரு நாள் என்று
யாரும் சொல்லவில்லை.
காயப்போட்ட மாவின் புளித்த வாடை
ஜன்னல் வழியாக வந்துபோனது.

நானும் ஒன்றைச் சொல்லவில்லை.
யாரோ எடுத்த போட்டோவில் பார்த்தது:
கிழக்குப் பக்கக் கல்லில்
சாப்பாட்டுத் தட்டளவுக்கு வட்டமாக ஒரு துளை.
செத்தவர்களுக்கு விட்ட வாசல் என்றிருந்தது.
குகையில் இரண்டு, கிச்சிப்பாளையத்தில் மூன்று,
அம்மாபேட்டையில் இப்போதிருப்பது ஆறாவது.
ஒவ்வொரு வீட்டிலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே
ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க என்பார்கள்.
காலண்டரை ஃபிரிட்ஜின் மேல் சாய்த்தே
பதினாறு வருஷம் கிழித்திருக்கிறேன்.
கல்லையே துளைத்த வீட்டுக்குள்
முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கவேண்டும்.
உள்ளே குளிர்ச்சியாக இருக்குமா,
அவ்வளவுதான்.

புதன்கிழமை பேப்பரில் வந்தது. சனிக்கிழமை.
எலுமிச்சை வாங்கினோம்,
அட்டைக்கு உப்பும் புகையிலையும்.
தட்டுவடை செட் ஊறிவிடும்,
கேரட்டைத் தனியாகச் சட்னியைத் தனியாகக் கட்டித்தா என்று
கடைக்காரனிடம் சற்குணம் இரண்டுமுறை சொன்னாள்.
வெள்ளி மாலை
நிர்வாகக் காரணங்களால்
மின்தடை ஒத்திவைக்கப்பட்டது.
நூர்ஜகான் அந்தச் செய்தியைத் தன் போனிலும்
ஒருதரம் வாசித்தாள்,
வேறு மாதிரி இருக்குமோ என்று.

சடையப்பனைக் கூப்பிட்டேன்.
அடுத்த மாதம் வருகிறோம்,
கல் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று
நானே சிரித்தும் வைத்தேன்.

"கல்லு இருக்கும்மா. நாங்கதான் இருக்கமாட்டோம்.
மிளகு பறிக்கக் கேரளாவுக்கு,
பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு."
பின்னால் ஒரு கோழி,
யாரோ அதைத் துரத்தும் சத்தம்.
"வழி சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

திட்டம் எழுதிய தாளைத் திருப்பினேன்.
கறுப்புக் கேட். அதுவரைக்கும் ரோடு.
சில்வர் ஓக் வரிசை, நடுவில் பட்டுப்போன ஒன்று.
நாய் குரைக்கும், கட்டித்தான் இருக்கும்.
ரெண்டாவது பீடி முடிகிற இடத்தில் ஒரு பாறை.
அங்கே இடப்பக்கம்.
"வலப்பக்கம் போயிடாதீங்க, அது எங்க வீடு.
பூட்டிருக்கும்."

வலப்பக்கம், பூட்டிருக்கும் என்று எழுதினேன்.
இடப்பக்கத்துக்கு எதிரே என்ன எழுதுவதென்று
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
பிறகு நாலே முக்கால் என்று எழுதி
அடிக்கோடிட்டேன்.